ஆய்விதழ்ச் சந்தா மேலாண்மையும் தமிழாய்வு இதழ்களின் இருப்பும்: நிதி நெருக்கடிக் காலத் தேர்வு நெறிகள்

ஆய்வுச்சுருக்கம்

பல்கலைக்கழக நூலகத்தின் நிதி சுருங்கும்போது எந்த இதழை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்னும் முடிவு பெரும்பாலும் விலையையும் பயன்பாட்டு எண்ணிக்கையையும் கொண்டு எடுக்கப்படுகிறது. மின்னிதழ்த் தொகுப்புகளுக்கு ஏற்ற இவ்வளவுகோல், அச்சில் மட்டும் வெளிவரும் சிறு இதழ்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பெருந்தொகுப்பு ஒப்பந்தங்களின் இயல்பு, இந்தியக் கூட்டமைப்புகளின் வளர்ச்சி, பயன்பாட்டுக் கணக்கின் வரம்பு ஆகியன இங்கு விளக்கப்படுகின்றன. தனித்தன்மை, தொடர்ச்சி ஆகிய இரண்டையும் பயன்பாட்டுக்கு நிகரான அளவுகோல்களாகக் கொள்ளவேண்டும் என்பதும், தமிழாய்வு இதழ்களைக் காக்கும் பொறுப்பைப் பல்கலைக்கழக நூலகங்கள் தம்முள் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: ஆய்விதழ்ச் சந்தா, பெருந்தொகுப்பு ஒப்பந்தம், பயன்பாட்டுச் செலவு, தமிழாய்வு இதழ்கள், கூட்டு நூற்பட்டியல்

முன்னுரை

தமிழாய்வின் வரலாற்றில் இதழ்களுக்குத் தனியிடம் உண்டு. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் ‘செந்தமிழ்’ 1902ஆம் ஆண்டிலும், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ‘தமிழ்ப்பொழில்’ 1925ஆம் ஆண்டிலும் தொடங்கப்பெற்றன. தனிநாயக அடிகளின் ‘தமிழ்க் கல்ச்சர்’ 1952இலும் நா. வானமாமலையின் ‘ஆராய்ச்சி’ 1969இலும் வெளிவரத் தொடங்கின. பதிப்பு, இலக்கண விவாதம், கல்வெட்டு, நாட்டார் வழக்காறு எனப் பல துறைகளின் தொடக்கச் சிந்தனைகள் நூல்வடிவம் பெறுவதற்கு முன் இத்தகைய இதழ்களில் இடம்பெற்றன. அவற்றுட் பல பின்னரும் நூலாகவில்லை. ஆகவே ஓர் இதழின் தொகுதி வரிசை நூலகத்தில் இருப்பதும் இல்லாததும் ஆய்வின் தரத்தை நேரடியாகப் பாதிக்கின்றன. மூல இதழைக் காணாத ஆய்வாளர், பிறர் எடுத்தாண்ட மேற்கோளையே மீண்டும் எடுத்தாள வேண்டியவராகிறார். ஒருவர் செய்த பிழை அடுத்தடுத்த ஆய்வேடுகளிலும் தொடர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதழ்ச் சந்தா பற்றிய விவாதம் பொதுவாக நூலக அறிவியல் துறைக்குரியதாகக் கருதப்படுகிறது. ஆனால் எவ்விதழை நிறுத்தலாம் என்னும் வினாவுக்கு விடை கூறத் துறையறிவு தேவை. அவ்வகையில் இது தமிழாய்வாளருக்கும் உரிய சிக்கலாகும்.

1. சந்தாச் செலவின் இயல்பு

நூல் வாங்குதலும் இதழ்ச் சந்தா செலுத்துதலும் நிதிநோக்கில் வேறுபட்டவை. நூலுக்கு ஒருமுறை பணம் செலுத்தினால் போதும். நிதி குறைந்த ஆண்டில் நூல் வாங்குவதைத் தள்ளிவைக்கலாம். பதிப்பில் இருக்கும்வரை அடுத்த ஆண்டில் வாங்கிக்கொள்ளலாம். இதழ்ச் சந்தா ஆண்டுதோறும் மீள வரும் செலவு. ஓராண்டு செலுத்தாவிடில் அவ்வாண்டின் தொகுதி வரிசையில் இடைவெளி விழுகிறது. குறைந்த படிகளே அச்சிடும் இதழ்களில் அவ்விடைவெளியைப் பின்னர் நிரப்புதல் அரிது.

மேலும், சந்தா ஆண்டு பெரும்பாலும் சனவரியில் தொடங்கி திசம்பரில் முடிகிறது. இந்திய நிதியாண்டோ ஏப்பிரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. ஓராண்டுச் சந்தா இரண்டு நிதியாண்டுகளில் பரவி நிற்பதால், ஒப்புதல் காலந்தாழும்போது ஆண்டின் முதல் இதழ்கள் கிடைக்காமற் போக வாய்ப்பு உண்டு. அயல்நாட்டு இதழ்களுக்கு டாலர், யூரோ, பவுண்டு ஆகிய நாணயங்களில் விலை குறிக்கப்படுவதால், வெளியீட்டாளர் விலையை உயர்த்தாத ஆண்டிலும் ரூபாயின் மதிப்பு குறைந்தால் செலவு கூடும்.

சந்தா முன்பணமாகச் செலுத்தப்படுவது என்பதும் கருதத்தக்கது. இதழ் வருவதற்கு முன்னரே பணம் கைமாறுகிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த ‘சுவெட்ஸ்’ என்னும் பெரிய சந்தா முகவர் நிறுவனம் 2014 செப்டம்பரில் திவாலானபோது, அதன்வழி முன்பணம் செலுத்தியிருந்த பல நாட்டு நூலகங்கள் பாதிப்புக்குள்ளாயின. வந்த இதழைப் பதிவதும், வராத இதழுக்கு உரிய காலத்தில் நினைவூட்டல் அனுப்புவதும் சந்தா மேலாண்மையின் அடிப்படைப் பணிகள் என்பதை இது உணர்த்துகிறது. நினைவூட்டப்படாத இதழும் நிறுத்தப்பட்ட இதழும் தொகுதி வரிசையில் ஒரே விளைவையே தருகின்றன.

2. பெருந்தொகுப்பும் வெட்டின் திசையும்

1990களில் மின்னிதழ்கள் பரவியபோது, வெளியீட்டாளர்கள் தம் இதழ்கள் அனைத்தையும் ஒரே தொகுப்பாக்கி, பல ஆண்டு ஒப்பந்தத்தின்கீழ் நூலகங்களுக்கு வழங்கத் தொடங்கினர். விசுகான்சின் பல்கலைக்கழக நூலக இயக்குநராக இருந்த கென்னத் பிரேசியர் 2001ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் இதனைப் ‘பெரும் பேரம்’ எனப் பொருள்படும் தொடரால் குறித்தார். தொடக்கத்தில் ஆதாயமாகத் தோன்றினும், பின்னர் வேண்டிய இதழை மட்டும் தெரிந்தெடுக்கும் உரிமையை நூலகங்கள் இழக்க நேரும் என்பது அவர் எச்சரிக்கையின் சாரம்.

செல்வ வளமிக்க நிறுவனங்களும் இந்நெருக்கடிக்கு விலக்கல்ல. ஆர்வர்டு பல்கலைக்கழக நூலகத்திற்கான ஆசிரியர் ஆலோசனைக் குழு, பெரும் வெளியீட்டாளர் சிலரின் இதழ்களுக்கான ஆண்டுச் செலவு 37.5 இலட்சம் டாலரை நெருங்கிவிட்டதாகவும், அந்நிலை தொடரவியலாது என்றும் 2012இல் அறிவித்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகம் 2019 பிப்பிரவரியில் எல்சவியர் நிறுவனத்துடனான பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டது. திறந்த அணுக்க வெளியீட்டையும் உள்ளடக்கிய புதிய உடன்பாடு 2021 மார்ச்சில்தான் எட்டப்பட்டது. நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகம் 2020இல் அதே நிறுவனத்தின் முழுத் தொகுப்பைக் கைவிட்டு, தெரிந்தெடுத்த ஏறத்தாழ 250 இதழ்களுக்கு மட்டும் சந்தா செலுத்த முடிவு செய்தது.

இவை பேரம் பேசும் வலிமையுடைய நிறுவனங்களின் வரலாறு. அவ்வலிமை இல்லாத நூலகத்தில் வெட்டு எத்திசையில் விழுகிறது என்பதை ஒரு கற்பிதக் கணக்கால் விளக்கலாம். ஒரு நூலகத்தின் இதழ் நிதியை நூறு பங்காகக் கொள்வோம். அதில் எண்பது பங்கு பல ஆண்டு ஒப்பந்தங்களுக்கும், இருபது பங்கு தனி இதழ்களுக்கும் செல்கிறது. அடுத்த ஆண்டில் ஒப்பந்தப்படி தொகுப்பின் விலை ஐந்து விழுக்காடு உயர்கிறது. மொத்த நிதி பத்து விழுக்காடு குறைகிறது. இப்போது நிதி தொண்ணூறு பங்கு. தொகுப்புக்குச் செல்வது எண்பத்து நான்கு பங்கு. தனி இதழ்களுக்கு எஞ்சுவது ஆறு பங்கு. மொத்த நிதியில் நேர்ந்த பத்து விழுக்காட்டுக் குறைவு, தனி இதழ்களின் மேல் எழுபது விழுக்காட்டுக் குறைவாக விழுகிறது. ஒப்பந்தத்தால் காக்கப்பட்ட பகுதியில் கைவைக்க இயலாமையால், காப்பற்ற பகுதி முழுச்சுமையையும் ஏற்கிறது. தமிழாய்வு இதழ்கள் பெரும்பாலும் இக்காப்பற்ற பகுதியைச் சேர்ந்தவை. அவற்றின் தரம் பற்றிய எந்த மதிப்பீடும் இன்றியே இவ்விளைவு ஏற்பட்டுவிடுகிறது என்பது இங்குக் கவனிக்கத்தக்கது.

3. இந்தியக் கூட்டமைப்புகள்

தனித்தனியே வாங்குவதால் விளையும் சுமையைக் குறைக்க இந்தியாவில் கூட்டமைப்புகள் உருவாயின. தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்களுக்கான ‘இன்டெஸ்ட்’ 2003இலும், பல்கலைக்கழகங்களுக்கான ‘யுஜிசி-இன்போநெட்’ மின்னிதழ்க் கூட்டமைப்பு 2004இலும் செயற்படத் தொடங்கின. கல்லூரிகளுக்கான ‘என்-லிஸ்ட்’ பின்னர் வந்தது. இவை 2015இல் ‘இ-சோத்சிந்து’ என்னும் ஒரே அமைப்பின்கீழ் இணைக்கப்பட்டன.

இவ்வளர்ச்சியின் அடுத்த கட்டமாக ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்திற்கு நடுவண் அமைச்சரவை 2024 நவம்பர் 25ஆம் நாள் ஒப்புதல் அளித்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டுள்ளது. பன்னாட்டு வெளியீட்டாளர் முப்பதின்மரின் ஏறத்தாழ 13,000 இதழ்களை, நடுவண், மாநில அரசுகளின்கீழ் இயங்கும் 6,300க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பெறுவதற்கு இது வழிசெய்கிறது. சிறு நகர அரசுக் கல்லூரி ஆய்வாளரும் பெரிய நிறுவன ஆய்வாளரும் ஒரே இதழைப் படிக்கலாம் என்னும் நிலை வரவேற்கத்தக்கது. மொழியியல், மானிடவியல், வரலாறு ஆகிய துறைகளோடு உறவுடைய தமிழாய்வாளருக்கும் இதனால் பயன் உண்டு.

எனினும் இத்திட்டம் பன்னாட்டு வெளியீட்டாளர்களை மையமாகக் கொண்டது. அஞ்சலில் அச்சுப்படியாக வரும் தமிழ் இதழின் சந்தாவை நூலகமே தன் நிதியிலிருந்து செலுத்தியாக வேண்டும். முன்பு தொகுப்புகளுக்குச் செலவிட்ட சொந்த நிதி ஒரு நூலகத்தில் மீதமாகுமாயின், அது எத்தலைப்புக்குச் செல்லும் என்பதே அடுத்த வினா. இதழ்த் தலைப்பிலேயே நிலைநிறுத்தப்பட்டால் வட்டாரமொழி இதழ்களுக்கும் பழைய தொகுதிகளுக்கும் வாய்ப்பு விரியும். ‘இதழ்கள்தாம் மையத்திலிருந்து வந்துவிடுகின்றனவே’ என்னும் எண்ணத்தால் அத்தலைப்பே சுருக்கப்பட்டால், மையத்திலிருந்து வாராத இதழ்கள் முற்றிலும் நின்றுவிடும். இம்முடிவு எடுக்கப்படும் நூலகக் குழுவில் தமிழ்த்துறையின் கருத்து இடம்பெறுதல் இன்றியமையாதது.

4. பயன்பாட்டுக் கணக்கின் வரம்பு

மின்னிதழ்களின் பயன்பாட்டை ஒரே முறையில் அளப்பதற்காக 2002இல் தொடங்கப்பட்ட ‘கவுன்டர்’ திட்டம், நூலகங்கள் ஒப்பிடத்தக்க புள்ளிவிவரங்களைப் பெற வழிவகுத்தது. ஆண்டுச் சந்தாவைப் பதிவிறக்க எண்ணிக்கையால் வகுத்து, ஒரு பயன்பாட்டுக்கான செலவைக் கணக்கிடுவது இன்று பரவலான நடைமுறை. மின்னிதழ்களை மின்னிதழ்களோடு ஒப்பிடுமிடத்து இது பயனுள்ள கருவியே.

அச்சிதழுக்கு இதனைப் பொருத்தும்போது இடர்ப்பாடு எழுகிறது. இருபது இலட்சம் ரூபாய்த் தொகுப்பொன்று ஆண்டுக்கு நாற்பதாயிரம் முறை பதிவிறக்கப்பட்டால் ஒரு பயன்பாட்டின் செலவு ஐம்பது ரூபாய். அறுநூறு ரூபாய்ச் சந்தாவுடைய தமிழ்க் காலாண்டிதழ் மூன்று முறை எடுக்கப்பட்டதாகப் பதிவாகியிருந்தால் ஒரு பயன்பாட்டின் செலவு இருநூறு ரூபாய். இக்கற்பிதக் கணக்கின்படி தமிழ் இதழே நான்கு மடங்கு ‘விலைமிக்கது’. ஆனால் அதனை நிறுத்துவதால் மீதமாவது தொகுப்பு விலையின் 0.03 விழுக்காடு மட்டுமே. அத்தகைய இதழ்கள் ஐம்பதை நிறுத்தினாலும் மீதமாவது முப்பதாயிரம் ரூபாய், அதாவது 1.5 விழுக்காடு. நிதிச்சிக்கல் தீர்வதில்லை, ஐம்பது தொகுதி வரிசைகள் மட்டும் முறிகின்றன.

மேலும், அந்த ‘மூன்று முறை’ என்னும் எண்ணே ஐயத்திற்குரியது. நடப்பிதழ் அடுக்கிலிருந்து எடுத்து மேசையிலேயே படித்து வைக்கப்படும் இதழ் எப்பதிவேட்டிலும் ஏறுவதில்லை. மின்னிதழில் ஒருவர் திறந்து உடனே மூடினும் அது பயன்பாடாகப் பதிவாகலாம். அச்சிதழில் ஒருவர் நாள் முழுதும் குறிப்பெடுத்தாலும் பதிவாகாமற் போகலாம்.

இலண்டன் அறிவியல் அருங்காட்சியக நூலகத்தைச் சேர்ந்த சாமுவேல் பிராட்போர்டு, ஒரு பொருள் பற்றிய கட்டுரைகளுட் பெரும்பகுதி சில மைய இதழ்களில் குவிந்தும் எஞ்சியவை மிகப்பல இதழ்களில் சிதறியும் கிடக்கும் என 1934இல் எடுத்துக்காட்டினார். மைய இதழ்களை மட்டும் வாங்கினால் போதும் என்பதற்கு இது சான்றாகக் காட்டப்படுவதுண்டு. அதே கோட்பாடு, மையத்தை மட்டும் வாங்கும் நூலகத்தில் ஒரு பொருள் பற்றிய கட்டுரைகளுட் பல கிடைக்காமற் போகும் என்பதையும் கூறுகிறது. சான்று தேடும் தமிழாய்வில் இந்த இழப்பு பெரிது. தஞ்சாவூரிலுள்ள தமிழகத் தொல்லியல் கழகம் 1991 முதல் வெளியிட்டுவரும் ‘ஆவணம்’ இதழை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். புதிதாகக் கண்டறியப்பட்ட கல்வெட்டுகள் பல அதில்தான் முதன்முதலாக அச்சேறுகின்றன. ஓர் ஊரின் கல்வெட்டைத் தேடி ஒரு குறிப்பிட்ட தொகுதியைப் பத்தாண்டுகளில் ஒருவர் மட்டுமே திறக்கக்கூடும். அவருக்கு அதற்கு மாற்று இல்லை.

சீர்காழியில் பிறந்து, 1924 முதல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பணியாற்றிய எஸ்.ஆர். இரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளின் ஒளியில் இச்சிக்கலை நோக்கலாம். பயன்பாட்டை முன்னிறுத்தும் முதல் விதியை மட்டும் கொண்டால் பயன்பாட்டுக் கணக்கு போதுமானது. ஆனால் ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் கிடைக்கவேண்டும், ஒவ்வொரு நூலும் தன் வாசகரை அடையவேண்டும் என்னும் கருத்துடைய இரண்டாம், மூன்றாம் விதிகள் வாசகரின் தொகையைப் பொருட்படுத்துவதில்லை. நூலகத்தை வளரும் உயிரியாகக் காணும் ஐந்தாம் விதியோ தொடர்ச்சியை வற்புறுத்துகிறது. விதிகளுள் ஒன்றை மட்டும் அளவுகோலாக்குவது அவர்தம் கோட்பாட்டுக்கு இசைவதன்று.

5. தேர்வு நெறிகள்

மேற்கண்டவற்றின் அடிப்படையில் அச்சிதழ்த் தேர்வுக்கு நான்கு வினாக்களை முன்வைக்கலாம்.

முதலாவது, பயன்பாடு. இதனை உள்ளபடி அளத்தல் வேண்டும். படித்த இதழை மேசையிலேயே விட்டுச்செல்லுமாறு வாசகரை வேண்டி, அடுக்குமுன் நாள்தோறும் எண்ணிப் பதிவது எளிய முறை. மற்றொன்று மேற்கோள் ஆய்வு. மின்வடிவில் ஆய்வேடுகளை ஒப்படைக்கவேண்டும் என்னும் 2009ஆம் ஆண்டு யுஜிசி நெறிமுறைக்குப்பின் ‘சோத்கங்கா’ களஞ்சியத்தில் தமிழ் ஆய்வேடுகள் சேர்ந்துவருகின்றன. தம் துறையின் ஆய்வேடுகள் எவ்விதழ்களைச் சான்று காட்டியுள்ளன என்பதை அவற்றின் துணைநூற்பட்டியல்களைக் கொண்டே ஒரு துறை கண்டறியலாம். ஆயினும் இம்முறைக்கும் எல்லை உண்டு. நூலகத்தில் இல்லாத இதழை ஆய்வாளர் மேற்கோள் காட்ட இயலாது. ஆகவே மேற்கோளின்மை தேவையின்மைக்குச் சான்றாகாது.

இரண்டாவது, தனித்தன்மை. அவ்விதழில் வெளிவருவன பிறிதோரிடத்தில் கிடைப்பனவா என்று காணவேண்டும். முதன்மைச் சான்றுகளை வெளியிடும் இதழுக்கும், முன்பே நூல்களாக வந்த கருத்துகளைத் தொகுத்துரைக்கும் இதழுக்கும் ஒரே மதிப்பு அளித்தல் பொருந்தாது.

மூன்றாவது, தொடர்ச்சி. நாற்பதாண்டுத் தொகுதிகள் இடைவெளியின்றி இருக்கும் இதழை நிறுத்துவதும், சென்ற ஆண்டு தொடங்கிய சந்தாவை நிறுத்துவதும் ஒன்றல்ல. நிறுத்துமுன் தொகுதி வரிசையின் நிலையைப் பதிந்துவைத்தல் வேண்டும்.

நான்காவது, மாற்றுவழி. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், 1994இல் நிறுவப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், 2005 முதல் ஈழத்து வெளியீடுகளை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனம் ஆகியவற்றில் பழைய இதழ்கள் பல கிடைக்கின்றன. ஓர் இதழின் பழைய தொகுதிகள் அங்கு முழுமையாக இருப்பின் அவற்றை மீண்டும் விலைக்கு வாங்கவேண்டியதில்லை. அந்நிதியை நடப்புச் சந்தாவுக்குத் திருப்பலாம்.

இந்நெறிகள் தமிழ் இதழ்கள் அனைத்தையும் காக்கவேண்டும் என்று கூறுவன அல்ல. காலந்தவறி வருதல், இரண்டு மூன்று இதழ்களை ஒன்றாக்கி வெளியிடுதல், சந்தா பெற்றும் அனுப்பாதிருத்தல், மதிப்பீடின்றிக் கட்டுரைகளை ஏற்றல் ஆகிய குறைகள் உள்ள இதழைத் தமிழ் இதழ் என்னும் காரணத்தால் மட்டும் தொடர்தல் முறையன்று. முன்பணம் செலுத்திய இதழ் வாராதபோது தணிக்கையில் விடைகூற வேண்டியவர் நூலகரே. யுஜிசி-கேர் பட்டியல் 2025 பிப்பிரவரியில் கைவிடப்பட்டதன்பின், இதழ்களின் தரத்தை மதிப்பிடும் பொறுப்பு நிறுவனங்களிடமே வந்துள்ளது. துறையாசிரியர்கள் ஆண்டுதோறும் இதழ்ப் பட்டியலை மதிப்பிட்டு எழுத்துவழிக் கருத்துரை வழங்குவது இரு நோக்கங்களுக்கும் உதவும்.

பரிமாற்ற இதழ்களும் கவனத்திற்குரியவை. பல்கலைக்கழகம் தன் இதழை அனுப்பி ஈடாகப் பிற நிறுவன இதழ்களைப் பெறும் முறையில் பணம் கைமாறுவதில்லை. எனவே சந்தாப் பட்டியலில் இவை தோன்றுவதில்லை. தன் இதழின் வெளியீடு நிதிக்குறைவால் தடைப்படும்போது, ஈடாக வந்த இதழ்களும் ஒவ்வொன்றாக நின்றுவிடும். அதனை எவரும் ‘வெட்டு’ எனப் பதிவதில்லை. ஆகையால் பரிமாற்ற இதழ்களையும் சந்தாப் பட்டியலோடு சேர்த்தே கண்காணிக்கவேண்டும்.

6. பொறுப்புப் பகிர்வு

ஒரு நூலகம் எல்லா இதழ்களையும் வாங்க இயலாது. எல்லா நூலகங்களும் ஒரே இதழை நிறுத்தும்போதுதான் மீட்கவியலாத இழப்பு நேர்கிறது. ஒவ்வொரு நூலகமும் பிறிதொன்றில் இருக்கும் என்று கருதித் தனித்தனியே முடிவெடுத்தால், இறுதியில் எங்கும் இல்லாத நிலை உருவாகலாம்.

இதற்கு முன்னோடி முயற்சிகள் உண்டு. அமெரிக்க நூலகங்கள் அயல்நாட்டு வெளியீடுகளைத் தம்முள் பகிர்ந்து சேகரிக்க 1948இல் தொடங்கிய ‘பார்மிங்டன் திட்டம்’ அவற்றுள் ஒன்று. பொதுச்சட்டம் 480இன்கீழ் 1962 முதல் அமெரிக்க நூலகங்களுக்கு இந்திய வெளியீடுகள் சென்றதால், தமிழ் வெளியீடுகள் அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் தொடர்ந்து சேர்ந்தன. சேகரிப்பைத் தற்செயலுக்கு விடாமல் திட்டமிட்ட பொறுப்பாக ஏற்றமையே இதற்குக் காரணம்.

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு இடையே இத்தகைய பகிர்வு இயலக்கூடியதே. முதற்கட்டமாக, இதழ்வாரியாக எந்நூலகத்தில் எத்தொகுதிகள் உள்ளன, எவை இல்லை என்பதைக் காட்டும் கூட்டுப் பட்டியல் வேண்டும். இன்பிலிப்னெட் மையத்தின் ‘இந்த்கேட்’ கூட்டுப் பட்டியல் இதற்கு அடித்தளமாகலாம். இரண்டாம் கட்டமாக, ஒவ்வோர் இதழையும் நிறுத்தாமல் பேணும் பொறுப்பை இரண்டு நூலகங்களாவது ஏற்கவேண்டும். தீ, வெள்ளம், கறையான் ஆகியவற்றால் ஒன்று அழியினும் மற்றொன்று எஞ்சும். பல படிகளே பாதுகாப்பு என்னும் இக்கருத்தின்மீதே ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் ‘லாக்ஸ்’ எண்ணிமப் பாதுகாப்புத் திட்டமும் அமைந்துள்ளது. மூன்றாம் கட்டமாக, வேண்டுவோருக்குக் கட்டுரைப்படியை அனுப்பும் ஏற்பாடு தேவை. இது இல்லையேல் முதலிரண்டும் வாசகரைச் சென்றடையா.

முடிவுரை

நிதி நெருக்கடியில் இதழ்களைக் குறைப்பது தவிர்க்கவியலாததாகலாம். ஆனால் ஒப்பந்தங்களால் காக்கப்பட்ட பகுதி அப்படியே நிற்க, காப்பற்ற சிறு இதழ்கள்மீது வெட்டு தானாகவே விழும் நிலையை ஒரு தேர்வு என்று கூறவியலாது. பயன்பாட்டுச் செலவு என்னும் அளவுகோல் அச்சிதழ்களின் உண்மைப் பயனைக் காட்டத் தவறுகிறது. அவற்றை நிறுத்துவதால் கிடைக்கும் சேமிப்பும் மிகச் சிறியது. எனவே பயன்பாட்டோடு தனித்தன்மை, தொடர்ச்சி, மாற்றுவழி ஆகியவற்றையும் கருதி இதழ்வாரியாக முடிவெடுத்தல் வேண்டும். ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தால் மீதமாகும் நிதியில் ஒரு பகுதியேனும் தமிழாய்வு இதழ்களின் நடப்புச் சந்தாவுக்கும் விடுபட்ட தொகுதிகளைத் திரட்டவும் ஒதுக்கப்படுதல் நலம். நிறுத்தப்படும் ஒவ்வோர் இதழுக்கும் உரிய காரணத்தையும் அது கிடைக்கும் மற்றோர் இடத்தையும் பதிந்துவைப்பது பெருஞ்செலவு வேண்டாத பணி. நாளை அவ்விதழைத் தேடிவரும் ஆய்வாளருக்கு அப்பதிவே வழிகாட்டும்.